சங்கிலி போட்ட கைபேசி

“போன் அடிக்கவே மாட்டேங்குது. ஆனா அதுல ஏத்துற காசு மட்டும் தானா கரையுது. இது என்ன கூத்துன்னு நீங்களே சொல்லுங்க.”

இமாகுலேட் நாபுகேன்யா இதைச் சொல்லிவிட்டு, மாசாகா நகரத்துச் சிறுதொழில் கூட்டுறவுச் சங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நியேந்தோவிலிருந்து வாடகை பைக்கில் வந்த வேகத்தில் அவருடைய கோமெசி உடையின் கூரான தோள்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மேசைக்கு எதிர்ப்புறம் இருந்த பெர்பெத்துவா நலுமான்சி, வறுத்த வெட்டுக்கிளிப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். சங்க உறுப்பினர் யாருக்காவது நஷ்டம் வந்தால், அது எப்படி வந்தது என்று விசாரிப்பது அவருடைய வேலை. பதினைந்து வருடமாக அதைச் செய்கிறார். யாரையும் அவசரப்படுத்தாமல் பேச விடுவது அவருடைய பாதி வித்தை. அவருடைய உதவியாளன் ஆச்சிலேயோ ஸெம்வங்காவுக்கு ஏறக்குறைய அவர் வயதுதான். ஆனால் பொறுமை என்பது அவனுக்குப் பங்கு பிரிக்கும்போது விட்டுப்போன சொத்து.

“வைரஸ்!” என்றான் ஸெம்வங்கா. “சந்தேகமே வேணாம் ஞாபோ, போனுக்குள்ள வைரஸ் பூந்திருக்கு.”

“அவங்க முழுசா சொல்லட்டும் ஸெபோ,” என்றார் நலுமான்சி. பெண்ணை ‘ஞாபோ’, அதாவது அம்மா என்றும், ஆணை ‘ஸெபோ’, அதாவது ஐயா என்றும் கூப்பிடுவது அந்த ஊர் மரியாதை.

நாபுகேன்யா சொன்னார். நியேந்தோவில் அவருக்கு ஒரு குஞ்சுப் பொரிப்பகம் இருந்தது. முட்டைகள் இன்குபேட்டரில் அடைந்திருக்கும்போதே பண்ணைக்காரர்கள் போன் செய்து, முட்டைக்கோழிக் குஞ்சு இத்தனை, பிராய்லர் குஞ்சு இத்தனை என்று சொல்லி வைப்பார்கள். குஞ்சு வெளியே வரும் நாளில் பெட்டியோடு வந்து வாங்கிப் போவார்கள். சில வாரங்களாக அந்தப் போன்கள் நின்றுவிட்டன. போன் கெட்டுப்போகவில்லை. இங்கிருந்து யாரையும் கூப்பிட முடிகிறது. ஆனால் வெளியிலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை.

“கூப்பிடுறதில்லைன்னு நான் நெனச்சேன்,” என்றார் அவர். “நேத்து ரெண்டு பேரு வந்து கேட்டுல நின்னு கத்துறாங்க. ‘உங்க ஆளுகிட்ட பேசி, அட்வான்சும் அனுப்பிட்டோம், குஞ்சு எங்க?’ன்னு. யாருகிட்ட பேசினாங்க? எந்த அட்வான்ஸ்? இன்னிக்கு இன்குபேட்டர் பூரா குஞ்சு வந்து நிக்குது. வாங்குறதுக்கு ஆளில்ல.”

“குஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்?” என்று நலுமான்சி கேட்டார்.

“வெளிய வரும்போதே மஞ்சள் கருவ வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுதான் வரும். அதுதான் அதுக்குக் கட்டுச்சோறு. ரெண்டு நாள் கிட்ட தாங்கும். அதுக்குள்ள தீனியும் தண்ணியும் இருக்கற கொட்டகைக்குப் போயிடணும். எங்கிட்ட பொரிக்கத்தான் எடம் இருக்கு, வளர்க்க எடம் இல்ல.” அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எல்லாம் அந்த ரெஸ்தி வேலை.”

ரெஸ்தி சவேதே பொரிப்பகத்தில் போனைக் கவனிக்கும் பெண். ஆர்டர் எடுப்பதும் பதில் சொல்வதும் அவள்தான். அவளுக்குத் தெரியாமல் எதுவும் நடக்க வழியில்லை என்பது நாபுகேன்யாவின் கட்சி. போனில் காசு கரைகிறது, ஆனால் பேசியதாகப் பதிவு எதுவும் இல்லை. அப்படியானால் அவள் பேசிவிட்டு அழித்துவிடுகிறாள். வாடிக்கையாளர்களை யாருக்கோ கைமாற்றுகிறாள்.

“எப்போலேருந்து இப்படி?”

“அவ மாமா அடக்கத்துக்கு கலுங்குவுக்குப் போனா பாருங்க, அங்கேருந்து வந்ததும்தான். சாவு வீட்டுல எவனையோ பார்த்து ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள உண்மையைச் சொல்லலைன்னா போலீஸ் ஸ்டேஷன்தான்.”

ஸெம்வங்காவுக்கு ரெஸ்தியைத் தெரியும். போன மாதம் சங்கத்தில் அவன் நடத்திய கைபேசிப் பாதுகாப்பு வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, அவன் சொன்ன மூன்று விதிகளையும் எல்லோருக்கும் முன்பாக ஒப்பித்தவள். ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதே. தெரியாத இணைப்பைத் தொடாதே. போனை அந்நியர் கையில் கொடுக்காதே. போலீஸ் ஸ்டேஷன் வரை போய்வந்த பெண்ணுக்கு இந்த ஊரில் வேறு எவனும் வேலை கொடுக்கமாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

“நான் சொன்ன விதியையெல்லாம் கடைப்பிடிச்சீங்களா?” என்று நாபுகேன்யாவிடம் கேட்டான்.

“வேதம் மாதிரி! அதுக்கு மேலயும் ஒண்ணு செஞ்சேன். போனுக்கு ஆட்டுச் சங்கிலி போட்டு மேசையோட பூட்டிட்டேன். அது அந்த ரூமை விட்டுப் போனதே கெடையாது.” நாபுகேன்யா எழுந்தார். “யாரை நம்பறது சொல்லுங்க? போன் கம்பெனிக்காரன்கூட போனஸ் நிமிஷம் தர்றேன்னான், இன்னிக்கு வரைக்கும் வரல. ஊரே திருட்டு ஊராப் போச்சு.”

நலுமான்சி பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஸெம்வங்காவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்ததும் பொட்டலம் மறுபடி வெளியே வந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்ட ஸெம்வங்கா, “எங்க சொந்தக்காரங்களை என் முதுகுக்குப் பின்னாடியே மெல்றீங்களே ஞாபோ,” என்றான். அவன் வெட்டுக்கிளிக் குலம்; தன் குலத்துக்குப் பேர் கொடுத்த உயிரைத் தின்னக் கூடாது என்பது அங்கே வழக்கம். மாசாகாவே மொறுமொறுவென்று மெல்லும் நவம்பரில் அவன் வேர்க்கடலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

“உங்க சித்தப்பாவுக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்,” என்றார் நலுமான்சி. “ரோட்டைப் பாருங்க ஸெபோ.”

*

பொரிப்பகத்துக்கு வெளியே சாலையோரத்தில் பெரிய பலகை நின்றது. குஞ்சு ரகங்கள், விலை, போன் எண், எல்லாம் தூரத்திலிருந்தே தெரியும்படி எழுதியிருந்தது. நலுமான்சி பைக்கிலிருந்து இறங்கி அதை ஒருமுறை முழுவதும் படித்தார். உள்ளே இன்குபேட்டர் அறையிலிருந்து ஆயிரம் சின்னக் குரல்கள் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தன.

அலுவலக அறை சிறியது. மேசைக்கால் ஒன்றிலிருந்து ஆட்டுச் சங்கிலி கிளம்பி மேலே வந்து, கைபேசியின் இரும்பு உறையில் பூட்டோடு முடிந்தது. போனுக்குப் பக்கத்தில் ரெஸ்தி நின்றாள். அழுது அழுது இமை தடித்திருந்தது. சுவரோரமாக முஜூசி. இன்குபேட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். போன வருடம்வரை போட்டிப் பொரிப்பகம் ஒன்றில் இருந்தவன் என்பதால் தன் மேலும் ஒரு கண் இருக்கும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. பெஞ்சில் காலியான குஞ்சுப் பெட்டிகளை மடியில் அடுக்கிக்கொண்டு கத்தெண்டே உட்கார்ந்திருந்தார். நேற்றுக் கத்திவிட்டுப் போன இருவரில் ஒருவர். இன்றைக்கும் கத்துவதற்காக வந்திருந்தார்.

“ஓ, விசாரணையா?” என்றார் கத்தெண்டே. “விசாரிங்க விசாரிங்க. என் கொட்டகையில தீனித் தட்டு தயாரா இருக்கு, தண்ணிக் கிண்ணம் தயாரா இருக்கு, குஞ்சு மட்டும் இல்ல. நானே உள்ள போய் உக்காந்துக்கிட்டு கீச் கீச்சுன்னு கத்தட்டுமா?”

நலுமான்சி அவருக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு ரெஸ்தியின் பக்கம் திரும்பினார். “போனைத் திறந்து காட்டும்மா.”

ரெஸ்தி ரகசிய எண்ணைப் போட்டாள். அது அவளுக்கும் நாபுகேன்யாவுக்கும் மட்டுமே தெரியும். நலுமான்சி திரையை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். ஸெம்வங்காவும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மேல் ஓரத்தில் மணி, பேட்டரி, சிக்னல் கோடுகள், அவற்றுக்குப் பக்கத்தில் அம்பு போட்ட ஒரு குட்டிப் போன் படம். அவன் கண்ணுக்கு வைரஸ் எதுவும் தென்படவில்லை.

“பேட்டரி எப்படி?”

ரெஸ்தி மூக்கை உறிஞ்சினாள். “இப்பல்லாம் நல்லா நிக்குது ஞாபோ. முன்னாடி மத்தியானமே செத்துடும். இப்போ ராத்திரி வரைக்கும் இருக்கு.”

“பேசிப் பேசிக் காசைக் கரைக்கறவளுக்குப் பேட்டரி நிக்குமா?” என்று நலுமான்சி யாரையும் பார்க்காமல் கேட்டார்.

அந்த நேரம் போன் டிங் என்றது. குறுஞ்செய்தி. லுகாயாவிலிருந்து ஒரு பண்ணைக்காரர் கேட்டிருந்தார்: இரண்டு முறை பேசினேன், உங்கள் ஆள் நாளைக்கு நாளைக்கு என்கிறார், எப்போதுதான் குஞ்சு வரும்?

“நம்ம ஆளு!” என்று நாபுகேன்யா ரெஸ்தியை முறைத்தார்.

“நான் யார்கிட்டயும் பேசல ஞாபோ! கன்னி மரியா மேல சத்தியமா!”

“ஸெபோ,” என்றார் நலுமான்சி, “உங்க போன்லேருந்து இந்த நம்பரைக் கூப்பிடுங்க. எல்லாரும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க.”

ஸெம்வங்கா கூப்பிட்டான். மணி போகும் சத்தம் அவனுடைய போனில் தெளிவாகக் கேட்டது. ஒருமுறை, இரண்டுமுறை. மேசையில் சங்கிலியோடு கிடந்த போன் அசையவில்லை. அதன் திரையில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு யாரோ எடுத்தார்கள்.

“வணக்கம் ஸெபோ, நாபுகேன்யா குஞ்சுப் பண்ணை,” என்றது ஓர் ஆண் குரல். நல்ல பணிவான குரல். “என்ன ரகம் வேணும், சொல்லுங்க. முட்டைக்கோழியா, பிராய்லரா?”

ஸெம்வங்கா சட்டென்று அழைப்பைத் துண்டித்தான்.

“இவன்தான்!” கத்தெண்டே எழுந்ததில் பெட்டிகள் நாலாபுறமும் சரிந்தன. “இந்தத் தேன் குரல்தான்! இவன் சொன்ன வேற நம்பருக்குத்தான் அட்வான்ஸ் அனுப்பினேன்!”

நாபுகேன்யா சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது. “போன் இங்க இருக்கு. இதுக்குள்ளேருந்து அவன் எப்படிப் பேசறான்? பேயா?”

“பேய் இல்ல, சிம்!” ஸெம்வங்காவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. “எவனோ உங்க பேருல இன்னொரு சிம் வாங்கிட்டான் ஞாபோ. அடையாள அட்டையைக் காட்டி, பழசு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லி. கூட இருக்கற யாரோதான் அட்டையை எடுத்துக் குடுத்திருக்கணும்.” சொல்லி முடித்தபோதுதான் எல்லோருடைய கண்ணும் மறுபடி ரெஸ்தியின் மேல் விழுவதைக் கவனித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நலுமான்சி தலையை அசைத்தார். “ஒரு நம்பருக்குப் புது சிம் உயிரோட வந்தா, பழைய சிம் அந்த நிமிஷமே செத்துடும். சிக்னல் இருக்காது. இதுலேருந்து கூப்பிட முடியாது, செய்தியும் வராது. இப்பதானே லுகாயாக்காரர் செய்தி வந்துச்சு? சிம் உயிரோடதான் இருக்கு.”

“அப்போ அவளோட ஆளு இந்தப் போனுக்குள்ள என்னமோ வெச்சுட்டான்,” என்றார் நாபுகேன்யா.

“கேட்டுடலாம்.” நலுமான்சி ரெஸ்தியை உட்காரச் சொன்னார். “ரகசிய எண்ணை யாருக்காவது சொன்னியா?”

“இல்ல.”

“தெரியாத இணைப்பு எதையாவது தொட்டியா?”

“இல்ல ஞாபோ. ஸெபோ சொல்லிக் குடுத்ததுலேருந்து தெரிஞ்ச இணைப்பைக்கூட நான் தொடறதில்ல.”

“போனை யார் கையிலயாவது குடுத்தியா?”

ரெஸ்தி சங்கிலியைக் காட்டினாள். “எப்படி ஞாபோ குடுக்கறது? மேசையையும் சேர்த்துத் தூக்கிக் குடுக்கணும்.”

கத்தெண்டே தன்னை மறந்து சிரித்துவிட்டார். நலுமான்சி அதே மூன்று கேள்வியை முஜூசியிடம் கேட்டார். மூன்றுக்கும் இல்லை. நாபுகேன்யாவிடமும் கேட்டார். இல்லை, இல்லை, இல்லவே இல்லை. மூன்று பேருமே உண்மைதான் சொல்கிறார்கள் என்று ஸெம்வங்காவுக்குத் தோன்றியது. அதுதான் அவனை வதைத்தது. அவன் சொல்லிக்கொடுத்த மூன்று கதவும் பூட்டியே இருக்கின்றன. திருடன் எப்படியோ வீட்டுக்குள் உட்கார்ந்து குஞ்சு விற்றுக்கொண்டிருக்கிறான்.

“முஜூசி,” என்றார் நலுமான்சி, “இந்தப் போன் கடைசியா எப்போ அடிச்சுது, ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கு ஞாபோ. அது அடிச்சா அந்த ரூம் வரைக்கும் அதிரும். அன்னிக்கு நான் முட்டையை வெளிச்சத்துல பிடிச்சு கரு இருக்கான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். திடீர்னு அடிச்சதுல ஒரு தட்டையே கீழ போட்டிருப்பேன்.”

“என்னிக்கு?”

“ரெஸ்தி அடக்கத்துக்குப் போயிருந்தாளே, அந்த வாரம். அதுக்கப்புறம் ஒரே அமைதி. முட்டைக்கு நல்லதுன்னு நெனச்சு நான் சந்தோஷமா இருந்துட்டேன்.”

“ரெஸ்தி கலுங்குவுல. நீங்க முட்டையோட. அப்போ போனை எடுத்தது யாரு?”

முஜூசி நாபுகேன்யாவைப் பார்த்தான்.

“நான் எடுத்தேன்,” என்றார் நாபுகேன்யா. “என் கடை, என் போன். எடுத்தா என்ன? கம்பெனிக்காரப் பையன் பேசினான். அதான் காலையிலயே சொன்னேனே, போனஸ் நிமிஷம்னு ஏமாத்தினவன். ராத்திரி வெளிச்சம் காட்டி வெட்டுக்கிளி பிடிக்கறவங்க போடற லைட்டுல கரண்ட் அடிக்கடி போகுது, டவர்ல வேலை நடக்குது, லைன் கட்டாகாம இருக்கறதுக்குப் பதிவு பண்ணிக்கோங்க, போனஸும் வரும்னான். ரகசிய எண்ணைக் கேக்கல. கேட்டிருந்தா அங்கேயே கிழிச்சிருப்பேன்! இணைப்பும் அனுப்பல. நல்ல வளர்ப்பு, வாய் நெறைய ஞாபோ ஞாபோன்னு பேசினான்.”

“பதிவு எப்படிப் பண்ணீங்க?”

“எல்லாரும் பண்ற மாதிரிதான். அவன் சொல்லச் சொல்ல நட்சத்திரம் போட்டு அழுத்தினேன்.”

நலுமான்சி பெருமூச்சு விட்டார். அதில் கோபம் இல்லை. கடைசி முடிச்சு விரலுக்கு அகப்பட்டுவிட்ட நிம்மதிதான் இருந்தது.

“கொஞ்சம் எல்லாரும் கேளுங்க,” என்றார். “ரெஸ்தி, அழாத. உனக்குத்தான் முதல்ல சொல்றேன். நீ ஒண்ணும் பண்ணல.”

ரெஸ்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்தப் போன்லேருந்து பேச முடியுது, இதுக்குச் செய்தி வருது. வெளியேருந்து வர்ற பேச்சு மட்டும் வர்றதில்ல. ஆனா கூப்பிடறவங்களுக்கு மணி போகுது, ஆளும் எடுக்கறான். அப்போ அந்தப் பேச்சு எங்கேயோ வழியில திரும்புது. எங்க திரும்புது? இந்தப் போன்ல இல்ல. கம்பெனியோட மெஷின்ல. என் அழைப்பையெல்லாம் இன்னொரு நம்பருக்குத் திருப்பி விடுன்னு அந்த மெஷினுக்கு நாம உத்தரவு போடலாம். நல்லதுக்காக வெச்ச வசதி அது. ஊருக்குப் போறவங்க அழைப்பைத் தங்கச்சி போனுக்கு விட்டுட்டுப் போவாங்க. அந்த உத்தரவைப் போடறது எப்படி? நட்சத்திரம், ரெண்டு எண், மறுபடி நட்சத்திரம், எந்த போன் நம்பருக்குப் போகணுமோ அது, கடைசியா ஹேஷ்.” அவர் நாபுகேன்யாவைப் பார்த்தார். “நீங்க அழுத்தினதுல நடுவுல ஒரு போன் நம்பர் இருந்துச்சா?”

நாபுகேன்யாவின் குரல் இறங்கியது. “இருந்துச்சு. அதுதான் போனஸ் நம்பர்னான்.”

“காசு?” என்றான் ஸெம்வங்கா. அவனால் பொறுக்க முடியவில்லை. “பேசாத போன்ல காசு ஏன் கரையணும்?”

“வாடகை பைக் மாதிரி நெனச்சுக்கோங்க ஸெபோ. கத்தெண்டே உங்க வீட்டுக்கு வர பைக் பிடிக்கறார். உங்க கேட் வரைக்கும் அவர் காசு குடுத்துட்டார். கேட்ல நீங்க, ‘இங்க வேணாம், அவரை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோ’ன்னு பைக்காரன்கிட்ட சொல்றீங்க. அந்த ரெண்டாவது தூரத்துக்கு யாரு காசு குடுக்கணும்?”

“அனுப்பினவன்,” என்றார் கத்தெண்டே. “அதாவது நாபுகேன்யா!”

“ஆமா. திருடனுக்கு ஆள் அனுப்பற செலவும் இவங்களுது. அதனாலதான் போன்ல பேசின பதிவே இல்ல, காசு மட்டும் போகுது. போன் வேலையே செய்யாததால பேட்டரியும் நிக்குது. இதோ மேல பாருங்க, போனும் அம்புமா ஒரு சின்னப் படம். அழைப்பு வேற பக்கம் போகுதுன்னு போன் அதுக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லிக்கிட்டே இருக்கு.”

“நான் பார்த்தேன்!” என்றாள் ரெஸ்தி. “அடக்கம் முடிஞ்சு வந்தப்போ புதுசா இருந்துச்சு. கம்பெனிக்காரங்க அலங்காரத்துக்கு வெச்சிருக்காங்கன்னு விட்டுட்டேன்.”

“நம்ம விலை, ரகம் எல்லாம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று முஜூசி கேட்டான்.

“ரோட்டுல பலகை வெச்சிருக்கீங்களே. நானே படிச்சுட்டுத்தான் உள்ள வந்தேன்.”

ஸெம்வங்கா நெற்றியில் அடித்துக்கொண்டான். மூன்று விதி சொல்லிக்கொடுத்தான். நாலாவதாக இதைச் சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றவும் வழியில்லை. காலையில் எழுந்தால் பேலன்ஸ் பார்க்க நட்சத்திரம், தண்ணீர்க் கட்டணத்துக்கு நட்சத்திரம், பள்ளிக் கட்டணத்துக்கு நட்சத்திரம், பணம் அனுப்ப நட்சத்திரம். மூச்சு விடுவதுபோல எல்லோரும் அழுத்துவது. மூச்சு விடாதே என்று யார் வகுப்பெடுப்பார்கள்? திருடன் அதைத் தெரிந்துவைத்திருந்தான்.

“நீங்க சங்கிலி போட்டது போனுக்கு ஞாபோ,” என்று நலுமான்சி மெதுவாகச் சொன்னார். “கதவு இருக்கறது கம்பெனி மெஷின்ல. அவன் போனைத் தொடவே வேணாம். உங்க விரலாலேயே கதவைத் திறக்கவெச்சுட்டான்.”

“சங்கிலியைக் கழட்டிடலாமா?” என்று முஜூசி கேட்டான்.

“எதுக்கு? கையால திருடறவனும் ஊருல இருக்கான்ல.” நலுமான்சி போனை ரெஸ்தியின் பக்கம் நகர்த்தினார். “நீயே அழுத்தும்மா. நட்சத்திரம், ஹேஷ், இருபத்தொண்ணு, ஹேஷ். அப்புறம் கூப்பிடற பட்டன். இது எதையும் மாத்தாது. எங்க போகுதுன்னு மட்டும் கேக்கும்.”

ரெஸ்தி ஒவ்வொன்றாக அழுத்தினாள். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு, குரல் அழைப்புகள் திருப்பப்படுகின்றன என்ற செய்தியும், அதன் கீழே அங்கிருந்த யாருக்கும் தெரியாத ஒரு போன் எண்ணும் வந்தன. ஸெம்வங்கா அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டான். போலீசுக்கும் கம்பெனிக்கும் காட்ட அது வேண்டும்.

“இப்போ ஹேஷ், ஹேஷ், பூஜ்யம், பூஜ்யம், ரெண்டு, ஹேஷ்.”

அழுத்தினாள். ரத்தானது என்று திரை சொன்னது. மேல் ஓரத்தில் இருந்த அம்பும் குட்டிப் போனும் மறைந்தன.

“கூப்பிடுங்க ஸெபோ.”

ஸெம்வங்கா மறுபடி அதே எண்ணைக் கூப்பிட்டான். அவனுடைய போனில் மணி போவதற்கும் மேசை அதிர்வதற்கும் சரியாக இருந்தது. முஜூசி சொன்னது பொய்யில்லை. அப்படி ஒரு சத்தம். கத்தெண்டே காதைப் பொத்திக்கொண்டார். ரெஸ்தி போனை எடுத்துக் காதில் வைத்தாள். ஸெம்வங்கா எதிரில் நின்றுகொண்டே போனில் சொன்னான்: “வணக்கம் ஞாபோ. குஞ்சு இருக்கா?”

“இருக்கு ஸெபோ,” என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. “நெறைய இருக்கு.”

அதை வைத்ததும் போன் மறுபடி அடித்தது. இந்த முறை உண்மையான ஆள். கியோதேராவிலிருந்து ஒரு பண்ணைக்காரி. ரெஸ்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனை பெட்டி, எந்த ரகம், எப்போது வருவீர்கள் என்று பழைய குரலில் கேட்க ஆரம்பித்தாள். முஜூசி பெட்டிகளை எடுக்க உள்ளே ஓடினான்.

நாபுகேன்யா அந்தப் பேச்சு முடியும் வரை காத்திருந்தார். பிறகு கோமெசியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கத் தொடங்கினார். ரெஸ்தி பதறிப்போய் அவருடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ வேணாம் ஞாபோ! நீங்க போய் எனக்கு மண்டி போடறதா? தரை பூரா குஞ்சு எச்சம் வேற.”

“நான் உன்னைப் போலீசுக்குக் கொண்டுபோயிருப்பேனே ரெஸ்தி,” என்றார் நாபுகேன்யா. “தப்பு என் விரல் மேல. பழியை உன் தலை மேல போட்டுட்டேன். என்னை மன்னிச்சுடு. போலீஸ் ஸ்டேஷனுக்கு இப்போ நான் போறேன். நானே ஏமாந்தேன்னு நானே சொல்றேன்.”

“சும்மா போகாதீங்க, அந்த நம்பரையும் கொண்டுபோங்க,” என்றார் நலுமான்சி. “கம்பெனி ஆபீசுக்கும் போங்க. அட்வான்ஸ் அனுப்பினவங்க எல்லாரையும் புகார் குடுக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு. வாட்ஸ்அப் மாதிரியானவங்க கணக்கைத் திறக்கற ரகசியக் குறியீட்டை போன்ல கூப்பிட்டுச் சொல்ற வழக்கம் இருக்கு. அப்படி வந்த அழைப்பும் இத்தனை நாளும் அவன் காதுக்குத்தான் போயிருக்கும். அதனால பணக் கணக்கோட ரகசிய எண்ணையும் இன்னிக்கே மாத்துங்க, வாட்ஸ்அப்புக்கு ரெண்டாவதா ஒரு ரகசிய எண் வெச்சுப் பூட்டுங்க.”

“எனக்குக் குஞ்சு?” என்றார் கத்தெண்டே.

“முதல் பெட்டி உங்களுதுதான் ஸெபோ,” என்றார் நாபுகேன்யா. “அட்வான்சைப் பத்திப் பேசாதீங்க. என் போனை நம்பித்தானே அனுப்பினீங்க.”

கத்தெண்டேயின் முகம் அப்போதுதான் முதல்முறையாகத் தளர்ந்தது. முஜூசி கொண்டுவந்து வைத்த பெட்டியின் ஓட்டைகள் வழியாக மஞ்சள் அலகுகள் எட்டிப் பார்த்தன. அவர் அதை மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவர் என்னவோ நினைத்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். திரையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“ஞாபோ, எனக்கும் ஒரு பையன் பேசினான். போன வாரம். டவர் வேலைன்னு. நான் அழுத்தினேனா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்ல. என் சம்சாரமும் அந்த மாதிரி எல்லாத்தையும் அழுத்துவா. நாங்க இப்ப என்ன பண்ணணும்? சுருக்கமா சொல்லுங்க, குஞ்சு காத்துக்கிட்டிருக்கு.”

ஸெம்வங்கா நலுமான்சியைப் பார்த்தான். அவர், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் கையை நீட்டினார். அடுத்த வகுப்பில் சொல்லப்போவதை அவன் அந்த வாசலிலேயே சொல்லிவிட்டான்:

“முதல்ல *#21# அழுத்திக் கூப்பிடுங்க ஸெபோ. உங்க அழைப்பு தெரியாத நம்பருக்குப் போகுதுன்னு வந்தா, அந்த நம்பரைக் குறிச்சுக்கிட்டு ##002# அழுத்திக் கூப்பிடுங்க. எல்லாத் திருப்பலும் ரத்தாயிடும். இனிமே கம்பெனியிலேருந்து பேசறேன்னு எவன் சொன்னாலும், அவன் சொல்ற நட்சத்திர எண்ணை அழுத்தாதீங்க. போனை வெச்சுட்டு, கம்பெனி கடைக்கு நீங்களே போய்க் கேளுங்க.”